அமெரிக்காவில் கார் ஓட்ட எந்த லைசென்ஸ்? கடலூரிலிருந்து கிளம்புமுன் ஓர் ஒப்பீடு

ஜூலை பிறந்தால் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். ஆகஸ்டில் படிப்பு தொடங்கும் பிள்ளைகள், எச்-1பி என்ற வேலை விசா முத்திரை வாங்கிவிட்ட மாப்பிள்ளைகள், பின்னாலேயே போகப்போகும் மனைவிமார். எட்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கேள்வி மட்டும் வருடா வருடம் ஒன்றேதான்: "அண்ணா, இங்கேயே ஐடிபி எடுத்துட்டுப் போயிடவா, அங்க போய் லைசென்ஸ் எடுக்கவா?" இப்போது அதற்கு இரண்டு வால்கள் முளைத்திருக்கின்றன. "ரியல் ஐடின்னு சொல்றாங்களே, அது கட்டாயமா?" "ஸ்டேட்டஸே கேக்காம லைசென்ஸ் தர்ற மாநிலம் இருக்காமே?"

ஐடிபி என்பது வெளிநாட்டில் ஓட்ட நம் ஆர்டிஓ தரும் அனுமதிப் புத்தகம். ரியல் ஐடி, அமெரிக்க மத்திய அரசு வகுத்த தரத்தில் மாநிலம் தரும் அட்டை. ஸ்டேட்டஸ், அந்த நாட்டில் தங்க உங்களுக்கு உள்ள அனுமதி. தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். நம் ஆர்டிஓ ஆபீஸில் வயதுக்கும் முகவரிக்கும் சான்று கொடுத்து, எட்டு போட்டுக் காட்டினால் வேலை முடிந்தது. 30 வயதுக்குள் எடுத்தவருக்கு 40 வயது வரை கவலையில்லை. அங்கே கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் முதலில் பார்ப்பது, இந்த நாட்டில் இருக்க உங்களுக்கு எந்தத் தேதி வரை அனுமதி என்பதை. ஓட்டத் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்கள் மாநில லைசென்ஸுகளையும் அடையாள அட்டைகளையும் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2005இல் ரியல் ஐடி சட்டம் வந்தது. குடியேற்றம் மத்திய அரசின் கையில், லைசென்ஸ் மாநிலத்தின் கையில் என்று தனித்தனியாக இருந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது அந்தச் சட்டம்தான்.

## எதை வைத்து எடை போடுவது

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அதனால் "எது நல்லது" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நான் பார்ப்பது நான்கு விஷயம்: தேதி, காகிதம், இன்சூரன்ஸ், பெயர்.

தேதி என்றால், அந்த அட்டை எதுவரை செல்லும், அது காலாவதியாகும்போது உங்கள் நிலைமை என்ன என்பது. காகிதம் என்றால், சட்டப்படி தங்கியிருப்பதற்கு என்ன சான்று கேட்பார்கள், அது உங்கள் கையில் என்றைக்கு வரும் என்பது. இன்சூரன்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க லைசென்ஸ் இல்லாதவருக்கு, அல்லது நேற்றுதான் எடுத்தவருக்கு, பிரீமியம் கூடுதலாக வரும். கடலூரில் பத்து வருடம் ஓட்டிய அனுபவத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நான்காவதான பெயர்தான் தமிழர்களுக்கே உரிய தலைவலி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

போன வருடம் கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். அப்பா நெய்வேலி என்எல்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகைக்கடைத் துணிப்பை ஒன்றில் மொத்தக் காகிதத்தையும் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்தேன். சர்நேம் என்ற கோடு காலி. கிவன் நேம் என்ற கோட்டில் பெயர், அதற்குப் பக்கத்திலேயே அப்பா பெயர். நமக்கு அதில் எந்தத் தப்பும் தெரியாது. நம்மிடம் இருப்பது இனிஷியல், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் அமெரிக்க விசாவில் சர்நேம் காலியாக இருக்க முடியாது. கிவன் நேம் முழுவதையும் தூக்கி சர்நேமில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருந்த இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அவள் விசாவில் அப்படியே இருந்தது.

விசாவிலிருந்து அது ஐ-94க்கு, அதாவது நாட்டுக்குள் நுழையும்போது எந்தத் தேதி வரை தங்கலாம் என்று பதியும் ஆவணத்துக்கு, போகும், அங்கிருந்து லைசென்ஸுக்குப் போகும். இந்திய லைசென்ஸிலோ பெயருக்குப் பின்னால் வெறும் இனிஷியல்தான். அதாவது ஒரே பெண்ணுக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர். லைசென்ஸ் ஆபீஸ் உங்கள் விவரத்தை மத்திய அரசின் 'சேவ்' என்ற கணினி அமைப்பில் சரிபார்க்கும்போது பெயர் இடம் மாறியிருந்தால் உடனே பதில் வராது. அடுத்த கட்டச் சரிபார்ப்புக்குப் போய்விடும். நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் வாரக்கணக்கில். மருந்துக்கடையில் "ஃபனூ" என்று கூப்பிட்டால் எழுந்து போகும் தமிழர்கள் அமெரிக்காவில் எத்தனையோ பேர்.

விசா முத்திரை குத்துவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துக்கொண்டால் இந்த வம்பே இல்லை. குத்தியாகிவிட்டது என்றால் ஒரே வழி, எல்லா இடத்திலும் விசாவில் உள்ளபடியே எழுதுவது. ஓரிடத்தில் அழகாகத் திருத்தி எழுதினால் அந்த இடத்தில்தான் சிக்கும்.

| வழி | தங்கும் அனுமதிக்குச் சான்று வேண்டுமா | எதுவரை செல்லும் | யாருக்கு |
|---|---|---|---|
| இந்திய லைசென்ஸ் + ஐடிபி | லைசென்ஸுக்கென்று தனியாக வேண்டாம் | ஐடிபி ஒரு வருடம். குடியிருப்பவர் ஆகிவிட்டால் அதற்கு முன்பே முடியும் | சுற்றுலா, பெற்றோர், முதல் சில வாரங்கள் |
| மாநில லைசென்ஸ் | பெரும்பாலும் ஆம் | பெரும்பாலும் தங்கும் அனுமதி முடியும் நாள் வரை | மாணவர், எச்-1பி, எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான விசா) |
| ரியல் ஐடி லைசென்ஸ் | எல்லா மாநிலத்திலும் ஆம் | தங்கும் அனுமதி முடியும் நாள் வரை; தேதி இல்லையென்றால் ஒரு வருடம் | அடிக்கடி உள்நாட்டு விமானத்தில் போகிறவர் |
| ஸ்டேட்டஸ் கேட்காத லைசென்ஸ் | வேண்டாம் | மாநில விதிப்படி | அனுமதி முடிந்தும் அங்கேயே வாழ்கிறவர் |

## இந்திய லைசென்ஸும் ஐடிபியும்

ஐடிபி தனியான லைசென்ஸ் இல்லை. உங்கள் லைசென்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகம், அவ்வளவுதான். 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது, அமெரிக்காவும் இருக்கிறது, அதன்படி தருவது. படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய். ஒரு வருடம் செல்லும். இந்திய லைசென்ஸ் அதற்குள் முடிந்தால் அதோடு இதுவும் முடியும். அசல் லைசென்ஸ் கையில் இல்லாமல் புத்தகத்தை மட்டும் நீட்டினால் யாரும் மதிக்கமாட்டார்கள். நம் லைசென்ஸ் அட்டை ஆங்கிலத்திலேயே இருப்பதால் பல இடங்களில் ஐடிபியைக் கேட்கவேமாட்டார்கள். இருந்தாலும் வாடகைக் கார் கவுன்ட்டரிலும், நள்ளிரவில் டார்ச் அடித்துப் பார்க்கும் போலீஸ்காரரிடமும் அந்தப் புத்தகம் பேச்சைக் குறைக்கும்.

இதன் பெரிய வசதி, யாரிடமும் போய் "நான் சட்டப்படிதான் இருக்கிறேன்" என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. வந்திறங்கிய அன்றே ஓட்டலாம். பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. இது வருகையாளருக்கான ஏற்பாடு. வீடு வாடகைக்கு எடுத்து, வேலையில் சேர்ந்து, 'குடியிருப்பவர்' ஆகிவிட்டால் மாநிலம் உங்களுக்கு ஒரு கெடு வைக்கும். கலிஃபோர்னியாவில் 10 நாள், நியூயார்க்கில் 30 நாள், டெக்சாஸில் 90 நாள். "ஐடிபியில ஒரு வருஷம்னு போட்டிருக்கே" என்பது அங்கே எடுபடாது. போலீஸ் அபராதத்தோடு போனால் பரவாயில்லை. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கம்பெனி இந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டால்தான் ஆபத்து.

இங்கேயே சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. நம் பையன்கள் பலரிடம் இருப்பது கியர் பைக் லைசென்ஸ் மட்டும். கல்லூரிக்கு பைக்கில் போனவனுக்குக் கார் தேவைப்பட்டிருக்காது. அதை வைத்து ஐடிபி எடுத்தால் அதில் கார் வகை இருக்காது, பைக்குக்குத்தான் முத்திரை விழும். கார் சேர்க்க எல்எல்ஆர் எடுத்து 30 நாள் காத்திருந்துதான் டெஸ்டுக்குப் போக முடியும். விசா வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. அடுத்தது முகவரி. கடலூரில் லைசென்ஸ் எடுத்துவிட்டு, கல்யாணமாகி முள்ளோடைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் குடியேறியவர்கள் நிறையப் பேர். அட்டையில் பழைய கடலூர் முகவரி, ஆதாரில் புதுச்சேரி. ஐடிபி நீங்கள் வசிக்கும் இடத்து ஆர்டிஓவில் வாங்க வேண்டியது. முகவரியை முதலில் சரிசெய்யாமல் போனால் இரண்டு ஆபீஸுக்கும் அலைய வேண்டியிருக்கும். இணையத்தில் டாலர் வாங்கிக்கொண்டு 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' அனுப்புகிறவர்களிடமும் ஏமாந்துவிடாதீர்கள். அந்த அட்டை பளபளப்பாகத்தான் இருக்கும்.

## தங்கும் அனுமதியோடு கட்டிய மாநில லைசென்ஸ்

பத்தில் ஒன்பது பேருக்கு நான் சொல்வது இதைத்தான். போன கையோடு எடுத்துவிடுங்கள்.

கேட்கும் காகிதங்கள் ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் ஒரே குடும்பம்தான்: பாஸ்போர்ட், விசா, ஐ-94, மாணவராக இருந்தால் பல்கலைக்கழகம் தரும் ஐ-20, எச்-1பி என்றால் ஐ-797 ஒப்புதல் கடிதம், சோஷியல் செக்யூரிட்டி எண், அந்த மாநிலத்தில் வசிப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு சான்று. சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கத் தகுதி இல்லாத எச்-4 மனைவிமாரும், வேலையில்லாத மாணவர்களும் பதற வேண்டாம். தகுதியில்லை என்று அந்த ஆபீஸே ஒரு கடிதம் தரும்; பல மாநிலங்களில் அது போதும். வசிப்பதற்கான சான்றில்தான் மனைவிமார் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், வங்கிக் கணக்கு மூன்றும் கணவர் பெயரில் இருக்கும். போனதும் ஒப்பந்தத்தில் மனைவி பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டு வங்கிக் கணக்கு ஒன்றும் தொடங்கிவிடுங்கள்.

மாணவர்கள் இறங்கிய மறுநாளே ஓடக்கூடாது. பல்கலைக்கழகம் உங்கள் வருகையை செவிஸ் என்ற அமைப்பில் பதிந்து, அது மற்ற கணினிகளுக்குப் போய்ச்சேர நாள் ஆகும். நாட்டுக்குள் வந்து 10 நாளாவது கழித்துப் போகச் சொல்வது அதனால்தான். அவசரப்பட்டுப் போனால் 'சேவ்' உங்களை அடையாளம் கண்டுகொள்ளாது. வரிசையில் நின்றதுதான் மிச்சம். 'சேவ்' பதில் தாமதமானால் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு.

இனி மறைசெலவு. லைசென்ஸின் ஆயுள் ஐ-94 தேதியில் தொங்குகிறது. அந்தத் தேதி விசா முத்திரையில் உள்ள தேதி இல்லை. விமான நிலையத்தில் அதிகாரி வைப்பது.

என் கதை இது. எச்-1பி ஒப்புதல் இன்னும் இரண்டரை வருடம் இருந்தது. பாஸ்போர்ட் ஒரு வருடத்தில் முடிய இருந்தது. அதிகாரி ஐ-94ஐ பாஸ்போர்ட் முடியும் தேதியோடு நறுக்கிவிட்டார். அப்படிச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. ஐ-94ஐ இணையத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. லைசென்ஸ் புதுப்பித்தபோது ஒரு வருடத்துக்குத் தந்தார்கள். கவுன்ட்டர்காரரின் தவறு என்று நினைத்து அவரிடம் ஐ-797ஐ நீட்டினேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, பேனாவால் தேதியைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் புதுப் பாஸ்போர்ட் எடுத்தேன். அதில் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். பாஸ்போர்ட் மாறினாலும் ஐ-94 தானாக மாறாது. ஒன்று, நீட்டிப்புக்கு மனு போட வேண்டும். இல்லையென்றால் நாட்டைவிட்டு வெளியே போய்விட்டு வர வேண்டும். நான் அவசர டிக்கெட் போட்டுக் கடலூர் வந்து, அம்மாவிடம் "சும்மாதான் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனேன். விமானக் கட்டணத்தோடு சேர்த்தால் என் வாழ்க்கையிலேயே அதிக விலை கொடுத்து வாங்கிய லைசென்ஸ் அதுதான்.

ஆகவே பாஸ்போர்ட்டில் ஆயுள் குறைவாக இருந்தால் இங்கேயே புதுப்பித்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கே இறங்கிய வாரத்திலேயே ஐ-94ஐ இறக்கி, பெயர், தேதி, விசா வகை மூன்றையும் பாருங்கள்.

எச்-1பி நீட்டிப்பு மனு நிலுவையில் இருக்கும் மாதங்கள் இன்னொரு பள்ளம். உரிய காலத்தில் மனு போட்டிருந்தால் பழைய முதலாளியிடம் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். ஆனால் லைசென்ஸ் அட்டையில் பழைய தேதிதான் இருக்கும். சில மாநிலங்கள் மனுவின் ரசீதைப் பார்த்துத் தற்காலிகமாக நீட்டித்துத் தரும், சில தராது. வேலைக்குப் போகலாம், வண்டியை எடுக்க முடியாது என்ற விசித்திரம் அப்படித்தான் வருகிறது. 15 வேலைநாளில் பதில் வாங்கக் கூடுதல் பணம் கட்டி 'பிரீமியம் பிராசஸிங்' போடுகிறவர்களில் பாதிப் பேர் லைசென்ஸுக்காகத்தான் போடுகிறார்கள் என்பது என் கணிப்பு. முதலாளி கட்டுவாரா, நீங்கள் கட்ட வேண்டியதா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

ஓட்டும் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடம் வலம் மாறுவது இரண்டு நாளில் பழகிவிடும். நம்மவர்கள் தோற்பது ஸ்டாப் பலகையில். ஆளே இல்லாத முச்சந்தியிலும் சக்கரம் முழுசாக நின்று, பிறகு நகர வேண்டும். பாரதி ரோட்டில் ஓட்டிப் பழகிய காலுக்கு அது வராது.

## ரியல் ஐடி நட்சத்திரம்

2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கு ரியல் ஐடி வேண்டும் என்று செய்தி வந்ததும் எல்லாருக்கும் பயம். மாநில லைசென்ஸை அடையாளமாகக் காட்டினால்தான் அந்த விதி. வெளிநாட்டு பாஸ்போர்ட்டையும் பாதுகாப்புச் சோதனையில் ஏற்றுக்கொள்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் கையில் இருப்பவருக்கு நட்சத்திரம் போட்ட அட்டை (ரியல் ஐடிக்கு அடையாளமே அந்த நட்சத்திரக் குறிதான்) கட்டாயம் இல்லை.

அப்படியானால் எடுப்பானேன்? என் கணக்கு இது: பல மாநிலங்களில் கேட்கும் காகிதம் கிட்டத்தட்ட அதுவேதான். மாதம் இருமுறை விமானத்தில் போகும் கன்சல்டிங் வேலைக்காரர், ஒவ்வொரு முறையும் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு திரிவதைவிட அட்டையைக் காட்டுவது நல்லது. பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டுத் தூதரகத்துக்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை பறக்கும் மாணவருக்கு இது தேவையே இல்லை.

நட்சத்திரம் இருப்பதால் நீண்ட நாள் செல்லும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. தற்காலிக அனுமதியில் இருப்பவருக்கு இதுவும் அனுமதி முடியும் நாள் வரைதான். மாணவர்களின் ஐ-94இல் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' (மாணவர் நிலை நீடிக்கும் வரை) என்றிருப்பதால் சில இடத்தில் ஐ-20இன் கடைசித் தேதியை வைக்கிறார்கள், சில இடத்தில் ஒரு வருடம் மட்டும் தருகிறார்கள்.

இன்னொன்று: லைசென்ஸ், அதில் நட்சத்திரமே இருந்தாலும், குடியேற்றச் சான்று ஆகாது. 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே பழைய சட்டம். ஐ-94 அச்சுப் பிரதி ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.

## ஸ்டேட்டஸ் கேட்காத லைசென்ஸ்

19 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் தங்கும் அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் லைசென்ஸ் தருகின்றன. கலிஃபோர்னியா 2015 ஜனவரியிலும், நியூயார்க் 2019 டிசம்பரிலும், மாசசூசெட்ஸ் 2023 ஜூலையிலும் தொடங்கின. எப்படியும் ஓட்டத்தான் போகிறார்கள், தேர்வு எழுதி இன்சூரன்ஸோடு ஓட்டட்டுமே என்பதுதான் இதன் பின்னால் உள்ள வாதம். எனக்கு அந்த வாதம் நியாயமாகவே படுகிறது. அனுமதி இல்லை என்றாலும் ஆள் யார், எந்த முகவரி என்று காட்ட வேண்டும். பாஸ்போர்ட் அதற்கு உதவும்.

செல்லுபடியாகும் விசாவில் இருக்கிறவர் காகிதம் சேர்க்கச் சோம்பல்பட்டு இந்த வழிக்குப் போக வேண்டாம். அட்டை மற்ற மாநிலத்தில் எப்படி நடத்தப்படும் என்பது நிச்சயமில்லை. சில மாநிலங்கள் இந்த அட்டையில் தனிக் குறி போடுகின்றன. ஆவணமில்லாதவர்களுக்கென்றே பிற மாநிலங்கள் தரும் லைசென்ஸை ஏற்கமாட்டோம் என்று ஃப்ளோரிடா 2023இல் சட்டம் போட்டது. ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் உள்ளவர், எல்லை தாண்டியதும் இல்லாதவர்.

வேலை போய், மாற்று வேலை கிடைக்காமல், அனுமதி முடிந்தும் பிள்ளைகளின் படிப்புக்காகத் தங்கிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஊருக்குச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும் வழி. லைசென்ஸே இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் விஷயம் அபராதத்தோடு நிற்காது. கைதாகி ரேகை எடுக்கும் வரை போகக்கூடும். நியூயார்க் சட்டம், போக்குவரத்து ஆவணங்களைக் குடியேற்றத் துறைக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எல்லா மாநிலமும் அப்படி இல்லை. மனு போடுமுன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

## படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்

எந்த வழியில் போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 1993இல் வந்த ஒரு சட்டத்தின்படி, லைசென்ஸ் ஆபீஸிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். படிவத்தில், இல்லையென்றால் தொடுதிரையில், "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" என்ற கேள்வி வரும். நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தட்டிக்கொண்டே போகிற பழக்கம் உள்ளவர்கள். இங்கே தட்டிவிடாதீர்கள். குடிமகன் என்று பொய் சொன்னதாகப் பதிவானால் பின்னாளில் கிரீன் கார்டுக்கே அது குழி பறிக்கும். தெரியாமல் செய்தேன் என்பதை நிரூபிப்பது உங்கள் பாடு. வீட்டுக்கு வாக்காளர் அட்டை மாதிரி ஏதாவது தபாலில் வந்தால் பெருமையாக ஃபிரிட்ஜில் ஒட்டாமல், ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

## வண்டியே வேண்டாம் என்றால்

நியூயார்க் நகரம், பாஸ்டன் மாதிரி ரயில் ஓடும் ஊரில் படிக்கிறவருக்கு மாநில அடையாள அட்டை மட்டும் போதும். அதற்கும் தங்கும் சான்று இதே மாதிரிதான் கேட்பார்கள். ஆனால் எப்படியும் ஒருநாள் ஓட்டுவோம் என்று தோன்றினால் லைசென்ஸாகவே எடுத்துவிடுங்கள். அங்கே ஓட்டிய வருடங்கள் இன்சூரன்ஸ் கணக்கில் ஏற ஆரம்பிப்பது அன்றைக்குத்தான்.

கிளம்புவதற்கு முன் இந்திய லைசென்ஸின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் போனால் நம்மூரில் மறுபடி டெஸ்ட். நாற்பது வயதில் வந்து எச் போட வேண்டியிருக்கும்.

## பெற்றோர் போகும்போது

சுற்றுலா விசாவில் ஆறு மாதம் போய்வரும் அப்பா அம்மாவுக்கு ஐடிபிதான் சரி. அவர்கள் குடியிருப்பவர்கள் இல்லை, அதனால் கெடு பிரச்சினை இல்லை. மாநில லைசென்ஸ் முயற்சியே வேண்டாம். ஆனால் பிள்ளையின் காரை எடுக்குமுன் பிள்ளையின் இன்சூரன்ஸில் இவர்களும் ஓட்டலாம் என்று இருக்கிறதா என்பதைக் கம்பெனியிடம் கேட்டே ஆக வேண்டும்.

நெய்வேலிக்காரர் போன மாதம் மறுபடி வந்தார். பெண்ணுக்கு 'சேவ்' இரண்டாம் கட்டத்துக்குப் போய், பதினொரு நாள் இழுத்து, அட்டை வந்துவிட்டதாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டினார். "தம்பி, போட்டோ என் பொண்ணுதான். இந்த எஃப்என்யூ யாரு?" என்றார். விளக்கினேன். சிரித்தார். தனக்கும் விசாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, நாற்பது வருடமாக ஸ்டியரிங் பிடித்தவன், பேத்தி பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓட்ட ஆள் வேண்டுமே, ஐடிபிக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார். சொல்லிவிட்டு, அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்தேன்.

சர்நேம் கோடு காலி.